ட்ரெய்லர் இழுக்கும் டபுள் கெப்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

போயா (பௌர்ணமி) நாளோடு சேர்ந்த நீண்ட லீவு முடிந்த மறுநாள் காலை, எங்கள் கராஜ் வாசலில் இரண்டு மூன்று டபுள் கெப் பிக்கப்பாவது நிற்கும். கல்பிட்டிக்குப் படகு இழுத்துப் போனது, வில்பத்துப் பக்கம் கூடாரம் ஏற்றிப் போனது, நுவரெலியாவில் குளிரில் இரவு நின்றது. ஒவ்வொன்றும் வேறு ஊர், ஆனால் கோளாறுகள் திரும்பத் திரும்ப அதேதான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அதனால் கொழும்பில் ஓடும் ஹைலக்ஸ், எல் 200, நவாரா, டி-மெக்ஸ் பலவும் பத்து வயதைத் தாண்டியவை. அந்த வயதின் மேல்தான் இரும்பு பம்பர், வின்ச், இரண்டாவது பெட்டரி, உயர்த்திய ஸ்பிரிங் எல்லாம் ஏறியிருக்கின்றன.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், கைச்செலவு அதிகமானது கடைசியில். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று மாறினால், கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள். சர்வீஸ் செய்த மறுவாரம் வரும் இழுவைக் குறைவு பெரும்பாலும் சர்வீஸில் கழற்றிப் பூட்டிய ஹோஸில்தான் இருக்கும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஓடிச் சாமான் வாங்குவதற்கு முன் இதைச் செய்தால் பாதிச் செலவு மிச்சம்.

## ஏற்றத்தில் இழுவை போகிறது

சுமை இல்லாமல் கொழும்புக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு கடுகண்ணாவை ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். எஞ்சின் விளக்கு எரிகிறதா, இல்லையா? வழி இங்கேதான் பிரிகிறது.

### விளக்கு எரியவில்லை, மெல்ல மெல்லக் குறைந்தது

எயார் பில்டரைக் கழற்றுங்கள். யாலவிலோ வில்பத்துவிலோ முன்னே போகும் ஜீப்பின் செம்மண் தூசியைக் குடித்துக்கொண்டே ஒரு நாள் ஓடினால் புது பில்டரும் அடைபடும். உள்ளே டோர்ச்சைப் பிடித்து வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத இடம் அதிகமென்றால் மாற்ற வேண்டியதுதான். ஊதிச் சுத்தம் செய்வதானால் காற்று உள்ளிருந்து வெளியே போகட்டும். குழாயைக் கொஞ்சம் தள்ளியே பிடியுங்கள். பில்டருக்கு அப்பால் டர்போவுக்குப் போகும் பைப்பின் உட்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் மண் ஒட்டினால் பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது பில்டரின் ரப்பர் விளிம்பு மடிந்திருக்கிறது. அதை விட்டு வைத்தால் டர்போ இறக்கை தேய்ந்துவிடும்.

அடுத்தது டீசல் பில்டர். ஒரு காலி ஜாம் போத்தலை பில்டரின் அடியில் பிடியுங்கள். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அழுத்துங்கள். கால் போத்தல் வந்ததும் திருகை இறுக்கி, போத்தலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். டீசல் மஞ்சளாக மேலே நிற்கும். தண்ணீர் இருந்தால் அடியில் தெளிவாகப் பிரிந்து, போத்தலைச் சாய்த்தால் தனியாக உருளும். கறுப்புத் தூளோ வழுவழுப்பான படலமோ தெரிந்தால் கோளாறு டேங்கிலிருந்தே வருகிறது. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் பரலிலும் கேனிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றிய வண்டிகளில் இதை நிறையப் பார்த்தோம். தண்ணீர் மட்டும் என்றால் சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டுச் சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். திரும்பவும் தண்ணீர் சேர்ந்தால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். பில்டரை மாற்றினால் கைப்பம்ப் கெட்டியாகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

மலிவு என்று யாராவது மண்ணெண்ணெய் கலந்த டீசல் தந்தால் வாங்காதீர்கள். இன்ஜக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசலை அனுப்பும் கொமன் ரெயில் பம்புக்குள் வழுக்கலைத் தருவதே டீசல்தான். அது குறைந்தால் பம்பும் இன்ஜக்டரும் ஒன்றாகப் போகும்.

### அழுத்தியதும் சீறும் சத்தம், பின்னால் கறுப்புப் புகை

டர்போவுக்கும் அதன் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும் நடுவில் எங்கோ காற்று வெளியேறுகிறது. எஞ்சின் ஆறியதும் ஒவ்வொரு ஹோஸையும் கையால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் வளைவின் அடிப்பக்கத்தில் இருக்கும். மேலே நின்று பார்த்தால் தெரியாது, சும்மா இருக்கும்போது மூடிக்கொள்ளும், காற்றழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். கிளிப்புக்குப் பக்கத்தில் ஒயில் ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுப்பு வளையமாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அங்கேதான். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து இன்னொருவரை அக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னால் குமிழி காட்டிக்கொடுக்கும். விசிறி, பெல்ட் பக்கம் கையும் சட்டைக் கையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டர்போவை வெக்கியூமால் இயக்கும் எஞ்சின்களில், பென்சில் மொத்தத்துக்கும் குறைவான ரப்பர் குழாய்களையும் பாருங்கள். எஞ்சின் சூட்டில் அவை நுனியில் பிளக்கும். நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி மாட்டினால் வேலை முடிந்தது. இந்தக் குழாயைப் பார்க்காமல் டர்போவையே கழற்றச் சொன்ன கதைகள் நிறைய உண்டு.

### விளக்கு எரிகிறது, குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் எஞ்சின் ஏறவே இல்லை

வண்டி தன்னைக் காத்துக்கொள்ள லிம்ப் மோடுக்குப் போயிருக்கிறது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாகலாம், ஆனால் கோளாறு போகவில்லை. சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்றை டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்திருங்கள். அதில் வரும் கோட் எண்ணைப் படம் எடுத்து வைத்த பிறகே அழியுங்கள். அழித்துவிட்டுக் கராஜுக்கு வந்தால் நாங்கள் முதலிலிருந்து தேட வேண்டும்.

பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை. மேலே சொன்ன ஹோஸ், கிளிப், வெக்கியூம் குழாய், அப்புறம்தான் டர்போ.

பி0087 என்றால் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு. பில்டர், டேங்குக்குள் இருக்கும் வலை, பம்பின் மேல் இருக்கும் சக்ஷன் கொன்ட்ரோல் வால்வு, பிறகு இன்ஜக்டர், கடைசியில் பம்ப். இந்த வரிசையைக் குழப்பாதீர்கள். வால்வின் விலையும் பம்பின் விலையும் மலைக்கும் மடுவுக்கும்.

பி0401 என்றால் ஈஜிஆர் வழி (எரிந்த வாயுவில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் வழி) கரியால் அடைபட்டிருக்கிறது. கழற்றிக் கழுவலாம். தகடு வைத்து அடைத்துவிடச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். என் கருத்தில் அது வீண்வேலை: எஞ்சின் விளக்கு நிரந்தரமாக எரியும், நாளை உண்மையான கோளாறு வந்தாலும் தெரியாது.

கராஜுக்கு விட வேண்டியது: டீசலின் உயர் அழுத்தப் பைப்பை வீட்டில் தளர்த்தவே வேண்டாம். டயரில் இருப்பது இரண்டரை பார், அந்தப் பைப்புக்குள் ஓடுவது ஆயிரம் பாருக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளையிலிருந்து பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். பம்ப், இன்ஜக்டர் சந்தேகம் வந்தால் டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் பம்ப் ஷொப்புக்குப் போங்கள். பெஞ்சில் போட்டு அளந்து காட்டாமல் நான்கு இன்ஜக்டரையும் மாற்றச் சொல்லும் இடத்தில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

## சூட்டு முள் ஏறுகிறது

வழியில் என்ன செய்வது என்பது முதலில். ஓரத்தில் நிறுத்தி, ஏசியை அணைத்து, நியூட்ரலில் எஞ்சின் ஓடட்டும். முள் இறங்கினால் சில நிமிடம் விட்டு அணையுங்கள். கீழே தண்ணீர் கொட்டுகிறது, பெல்ட் அறுந்திருக்கிறது, அல்லது முள் இன்னும் ஏறுகிறது என்றால் உடனே அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை ஹோஸ் கைக்கு ஆறும்வரை தொட வேண்டாம்.

### நெரிசலில் மட்டும் ஏறுகிறது

பேலியகொடையில் ஊரும்போது சூடாகி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் விசிறியில்தான் குறை. எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுழற்றுங்கள். பிடித்துப் பிடித்துச் சுற்றினால் நல்லது. தட்டியதும் தடையின்றிப் பல சுற்றுப் போனால் விசிறியின் விஸ்கஸ் கிளட்ச் போய்விட்டது.

### ஏற்றத்தில், சுமையோடு மட்டும் ஏறுகிறது

காற்றோட்டம் தடைப்படுகிறது. ஏசி கொண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். புல் விதை, பூச்சி, காய்ந்த சேறு எல்லாம் கம்பளி போல அடைத்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனின் உயர் அழுத்தத் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று போகும் வழியே இல்லாமல் போகும். வின்ச், லைட் பார், நம்பர் தகடு மூன்றும் கிரில்லுக்கு முன்னால் வரிசையாக நின்றால் அவற்றை இடம் மாற்றுங்கள். லைட் பார் பொருத்தியபின் சூடாகத் தொடங்கிய வண்டிக்கு ரேடியேட்டரை மாற்றிப் பயனில்லை.

வெளியே சுத்தமாக இருந்தும் ஏறினால் உள்ளே அடைபட்டிருக்கலாம். புத்தளம், கல்பிட்டிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய ரேடியேட்டர்களில் சுண்ணாம்பு படிந்திருக்கும். கூலன்ட் இல்லாத அவசரத்தில் போத்தல் தண்ணீர் மேல்.

ஓட்டோ கியர் வண்டியில் இழுப்பவர்கள் கியர் ஒயிலுக்கென்று தனிக் கூலர் ஒன்று போடுவது நல்ல செலவு. நான் ஸ்நோர்க்கலுக்கு (எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) முன் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

### எப்போதும் ஏறுகிறது, கூலன்ட் குறைகிறது

ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஹோஸ் முனைகள், வோட்டர் பம்பின் அடியில் கசிந்து காய்ந்த தடம், தேர்மோஸ்டாட். இந்த வரிசையில் போங்கள். எங்கும் கசிவில்லாமல் குறைந்தால் கவலைப்பட வேண்டும். காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா, ரிசர்வ் போத்தலில் குமிழி வந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் ஹெட் கேஸ்கெட், அல்லது ஹெட்டே வெடித்திருக்கிறது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள், லொறியில் ஏற்றி அனுப்புங்கள். கசிவை அடைக்கும் பவுடர் எதையும் ஊற்ற வேண்டாம். அது போய் அடைப்பது ரேடியேட்டரைத்தான்.

## காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

### 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்

பெட்டரி டேர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். பிறகு மீட்டர் வையுங்கள். இரவு நின்ற பெட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் காலி. பெட்டரி நன்றாக இருந்தும் டிக் டிக் என்றால் ஸ்டார்ட்டரின் உள்ளே இருக்கும் செப்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கும். டென்ஸோ ஸ்டார்ட்டர்களில் அதை மட்டும் மாற்றலாம், முழு ஸ்டார்ட்டர் வாங்கத் தேவையில்லை.

### சோம்பலாகச் சுற்றுகிறது, இரவெல்லாம் குளிர்ப்பெட்டி ஓடியது

குளிர்ப்பெட்டி எந்தப் பெட்டரியில் மாட்டியிருக்கிறது? இரண்டு பெட்டரி இருந்தும் இரண்டும் காலியானால் எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரிக்க வேண்டிய ஐசொலேட்டர் ஒட்டிக்கொண்டுவிட்டது. எஞ்சினை அணைத்துச் சிறிது நேரம் கழித்து இரண்டையும் தனித்தனியே அளங்கள், குளிர்ப்பெட்டி ஓடட்டும். அளவு இரண்டிலும் சேர்ந்தே இறங்கினால் பிரிக்கவில்லை. மாறாக இரண்டாவது பெட்டரி நிறைவதே இல்லை என்றால், எஞ்சின் ஓடும்போது அதன் முனையிலேயே அளக்க வேண்டும். முதல் பெட்டரியில் 14.2, பின்னால் 13.3 என்று காட்டினால் வயர் மெல்லியது, அல்லது எர்த் சரியில்லை. லித்தியம் போட்டவர்கள் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் நேரடியாக இணைக்கக் கூடாது. பியூஸ் பெட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், இரண்டு பக்கமும். இல்லாமல் பின்னுக்கு இழுத்த வயர் உரசினால் வண்டி எரியும்.

### நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

நுவரெலியாக் குளிரில் மட்டும் என்றால், ஸ்டார்ட் செய்ய முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக். கொழும்பில் இரண்டு வருடமாகச் செத்துக் கிடந்தாலும் காட்டாது, மலைக்குப் போன முதல் காலையில் காட்டும். எல்லா ஊரிலும் என்றால் கைப்பம்பை அழுத்திவிட்டு முயலுங்கள். பிடித்தால் டீசல் லைனில் காற்று நுழைகிறது, பில்டர் வொஷரிலிருந்து தேடத் தொடங்குங்கள். அப்படியும் இல்லையென்றால் இன்ஜக்டர் வழி திரும்பி ஓடும் அளவை அளக்க வேண்டும். அது டீசல் ஆட்கள் வேலை. எந்த நிலையிலும் ஈதர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்.

## புகையின் நிறம்

கறுப்பு என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம்: பில்டர், ஹோஸ், ஈஜிஆர், இன்ஜக்டர். ட்யூனிங் பெட்டி பொருத்தியவர்கள் முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முந்தின நாள் வந்து கெஞ்சுபவர்களில் பலருக்கு இதுதான் விஷயம்.

நீலம் என்றால் ஒயில் எரிகிறது. டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் இப்படி வரும், அதைப் பார்க்காமல் டர்போவைக் குறை சொல்லாதீர்கள். வெள்ளை என்றால், காலையில் மட்டும் வந்து நின்றால் குளோ பிளக்கோ இன்ஜக்டரோ. சூடான பிறகும் நிற்காமல் கூலன்ட்டும் குறைந்தால் மேலே சொன்ன ஹெட் கேஸ்கெட்.

2.5, 3.0 கேடி எஞ்சின் ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இன்ஜக்டரின் அடியில் இருக்கும் செப்பு வொஷர் கசிந்தால் எரிந்த வாயு மேலே வந்து ஒயிலுக்குள் கரியைச் சேர்க்கும். அந்தக் கரி ஒயில் சம்பின் வலையை அடைக்கும், அழுத்தம் விழும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். காலையில் ஆறிய எஞ்சினில் 'சுக் சுக்' என்று ஒரு சத்தம் கேட்டாலோ, ஒயில் மூடியின் உட்பக்கம் தார் போல் கெட்டியாக இருந்தாலோ உடனே வாருங்கள். வொஷர் சில நூறு ரூபாய்ச் சாமான். எஞ்சின் பல லட்சம்.

## ட்ரெய்லர் இடம் வலமாக ஆடுகிறது

ஆடத் தொடங்கினால் அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். சட்டென்று பிரேக் அடித்தால் ட்ரெய்லர் வண்டியை மடக்கிவிடும்.

நிறுத்தியதும் சுமையைப் பாருங்கள். கொக்கிப் பந்தின் மேல் விழும் பாரம் ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். 800 கிலோ ட்ரெய்லருக்கு 80 கிலோ. ஆள் நிறை பார்க்கும் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, ட்ரெய்லரின் மூக்கை அதில் இறக்கினால் தெரிந்துவிடும். குறைவாக இருந்தால் தண்ணீர் கேனையும் ஜெனரேட்டரையும் முன்னுக்குத் தள்ளுங்கள். பெரும்பாலான ஆட்டம் இதோடு நின்றுவிடும்.

நிற்காவிட்டால் டயர்க் காற்று, டயரின் வயது. ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்று நின்று வெடிக்கும். பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019இன் 23ஆவது வாரத்தில் செய்தது. அதற்குப் பிறகு ஹப். இருபது கிலோமீட்டர் ஓடி நிறுத்தி ஹப்பைத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பெயரிங் போய்க்கொண்டிருக்கிறது. படகு இழுப்பவர்கள் சூடான ஹப்பை அப்படியே கடலுக்குள் இறக்காதீர்கள். சட்டென்று குளிரும்போது அது உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் பொறுத்தால் போதும்.

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன் விளக்கு மரக்கிளையைப் பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஒரு பிளேட் கூடுதலாகப் போடலாம். போட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ பொல்ட்களை மறுபடி இறுக்க வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிளேட் சேர்த்ததால் வண்டி தாங்கும் சட்டபூர்வ எடை கூடிவிடாது. டோ பார் சேசியில் பூட்டியிருக்க வேண்டும். பம்பரில் வெல்டிங் செய்த பந்தோடு வருபவர்களை நான் ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்வேன்.

## இறக்கத்தில் பிரேக் கனக்கிறது

பெரகலையிலிருந்து வெல்லவாய இறங்கும்போதோ ரம்பொடை இறக்கத்திலோ எரிந்த வாடை வந்து, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கத் தயங்கினால் பேட் சூடேறிவிட்டது. கியரைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது. அந்த ஒயில் ஈரத்தை உறிஞ்சும், எங்கள் புழுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

வண்டியை உயர்த்திய பிறகு சுமையோடு நிற்கும் தூரம் கூடியிருந்தால் பின் அச்சில் கம்பியோடு இணைந்த வால்வைப் பாருங்கள். பின்பக்கம் தாழ்வதை வைத்துத்தான் அது சுமையை அறிகிறது. உயர்த்தியதும் வண்டி காலியாக இருப்பதாக நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியைச் சரிசெய்வது கராஜ் வேலை. பிரேக்கில் மற்ற எந்தச் சந்தேகத்துக்கும் வழியில் பரிசோதனை செய்துகொண்டிருக்காமல் நேரே கராஜுக்கு வாருங்கள்.

## ட்ரெய்லர் விளக்குகள்

சிக்னல் போட்டால் பிரேக் விளக்கு மின்னுகிறது, எல்லாம் மங்கலாக எரிகிறது என்றால் எர்த். பத்துக்கு எட்டு அதுதான். பிளக்கின் முனைகளைச் சுரண்டி, ட்ரெய்லர் சேசியில் எர்த் வயர் பூட்டிய இடத்தில் பெயின்டைச் சுரண்டி மறுபடி பூட்டுங்கள். வயர் நிறத்தை நம்பாதீர்கள். ஏழு முனைப் பிளக் நாட்டுக்கு நாடு வேறு மாதிரி, நம்மிடம் எல்லா நாட்டு ட்ரெய்லரும் இருக்கிறது. டெஸ்ட் பல்பை வைத்து ஒவ்வொரு முனையாகப் பாருங்கள்.

## தண்ணீர் கடந்த பிறகு

நீரோடையின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி கிராங்க் செய்யாதீர்கள். ஸ்நோர்க்கல் இருந்தாலும் அதன் மூட்டு கசிந்தால் தண்ணீர் எயார் பில்டருக்கு வந்துவிடும். வெளியே இழுத்து எடுத்து பில்டர் பெட்டியைத் திறங்கள். உள்ளே நனைந்திருந்தால் சாவியைத் தொடாமல் கராஜுக்கு ஏற்றுங்கள். தண்ணீர் நிறைந்த சிலிண்டரைச் சுற்றினால் கொனெக்டிங் ரொட் வளையும்.

ஒழுங்காகக் கடந்து வந்தாலும் அந்த வாரத்துக்குள் பின் டிஃபரன்ஷலின் நிரப்பும் பொல்ட்டைத் திறந்து விரலை விடுங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்றுங்கள். மாற்றும்போதே அச்சின் மேல் இருக்கும் மூச்சுக் குழாயை ரப்பர் ஹோஸ் போட்டு எஞ்சின் பக்கமாக உயரத்துக்கு ஏற்றிவிடலாம், ஹோஸும் இரண்டு கிளிப்பும் போதும். ப்ரொபெலர் ஷாஃப்டின் ஜொயின்ட்களுக்குப் புது கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். அடித்த பிறகும் 60, 70 வேகத்தில் அடியில் அதிர்வு தொடர்ந்தால் ஜொயின்ட் தேய்ந்திருக்கிறது. உயர்த்திய வண்டியென்றால் ஷாஃப்டின் கோணத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.